ஆல்பட்ராஸ் வாசிச்சதும் ட்ரீம்ஸ் பாடினதும் ஒரே பேண்டா? ஃப்ளீட்வுட் மேக்ல ஆள் மாறின கதை

கேள்வி இதுதான்: 'ட்ரீம்ஸ்' பாட்டு பிடிச்சுப்போய் ஃப்ளீட்வுட் மேக்னு தேடினா, 1968ல வந்த 'ஆல்பட்ராஸ்'னு குரலே இல்லாத ஒரு கிட்டார் பீஸ் வருது, இது அதே பேண்டா இல்ல பேரு மட்டும் ஒண்ணா இருக்கிற வேற பேண்டா, இத்தனை பேரு மாறியும் எப்படி இவ்வளவு பெரிய ஆளானாங்க?

அதே பேண்ட்தாங்க. ஆனா சந்தேகம் வந்ததுல தப்பே இல்ல, ஏன்னா அந்த ரெண்டு ரெக்கார்டிங்லயும் பொதுவா இருக்கிறது ரெண்டே பேரு. டிரம்ஸ் மிக் ஃப்ளீட்வுட், பேஸ் ஜான் மெக்வீ. மத்தபடி கிட்டார் வாசிச்சவங்க வேற, பாடினவங்க வேற, பாட்டு எழுதினவங்க வேற, குடியிருந்த நாடு கூட வேற. பொதுவா ஒரு ராக் பேண்ட்ல பாடகர் போனா பேண்டே போச்சும்பாங்க, லீட் கிட்டார் போனா பாதி உசுரு போச்சும்பாங்க, டிரம்மரும் பேஸ் வாசிக்கிறவரும் மாறினா பாதி ரசிகர்களுக்குத் தெரியவே தெரியாது. இவங்க கதை அப்படியே தலைகீழ். முன்னாடி நின்னவங்க அத்தனை பேரும் மாறினாங்க, பின்னாடி உக்காந்தவங்க ரெண்டு பேரும் கடைசி வரைக்கும் நகரல. என்னைக் கேட்டா இந்த பேண்டோட மொத்த கதையும் அதுலயே இருக்கு.

1966ல லண்டன்ல ஜான் மேயால்னு ஒருத்தர், ப்ளூஸ்பிரேக்கர்ஸ்ங்கிற பேண்டை நடத்திக்கிட்டு இருந்தாரு. பிரிட்டன்ல ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்கள்கிட்ட இருந்து வந்த இசை) வாசிக்கணும்னு ஆசைப்பட்ட பசங்களுக்கு அது ஒரு பட்டறை மாதிரி. எரிக் கிளாப்டன் அங்கிருந்து கிளம்பினப்போ அவரு இடத்துக்கு வந்தவரு பீட்டர் கிரீன். கிளாப்டன் இடத்துல யாரு வந்தாலும் ஜனம் உர்ருன்னுதான் பாக்கும், ஆனா கொஞ்ச நாள்லயே அதே ஜனம் கிரீனுக்காக வர ஆரம்பிச்சுது. ஜான் மெக்வீ ஏற்கனவே அங்க பேஸ் வாசிச்சுக்கிட்டு இருந்தாரு. மிக் ஃப்ளீட்வுட் 1967ல சில வாரம் மட்டும் இருந்தாரு, குடிச்சுட்டு வந்தாருன்னு அனுப்பிட்டாங்க. மெக்வீயும் அதே காரணத்துக்காக அடிக்கடி திட்டு வாங்கினவருதான், ஆனா வேலை போகாம தப்பிச்சுக்கிட்டே இருந்தாரு.

மேயால் கிரீனுக்கு ஸ்டுடியோ நேரத்தைப் பரிசா குடுக்க, கிரீன் இந்த ரெண்டு பேரையும் கூட வச்சுக்கிட்டு அஞ்சு ட்ராக் ரெக்கார்ட் பண்ணினாரு. அதுல ஒண்ணு குரல் இல்லாத பீஸ். அதுக்கு டிரம்மர் பேரையும் பேஸ் வாசிச்சவரு பேரையும் சேத்து 'ஃப்ளீட்வுட் மேக்'னு பேரு வச்சாரு. 1967 நடுவுல சொந்தமா பேண்ட் ஆரம்பிச்சப்போ அதே பேரைத்தான் வச்சாரு. அப்ப அவருதான் ஸ்டாரு, பாட்டும் அவருது, கிட்டாரும் அவருது, ஆனா பேருல அவரு இல்ல. காரணம் கொஞ்சம் தந்திரம். மெக்வீ வர மாட்டேன்னாரு, மேயால்கிட்ட மாசச் சம்பளம் ஒழுங்கா வருது, புதுசா ஒண்ணை நம்பி எதுக்கு இறங்கணும்னு யோசிச்சாரு. அவரு பேரையே பேண்டுக்கு வச்சா மனசு இளகும்னு கிரீன் கணக்குப் போட்டாரு. மெக்வீ வர்ற வரைக்கும் பாப் பிரன்னிங்னு ஒருத்தரை, அவரு வந்தா நீங்க இடத்தை விட்டுடணும்னு முன்கூட்டியே பேசித்தான் சேத்தாங்க. அதனால 1967 ஆகஸ்ட் 13ல விண்ட்சர் ஜாஸ் அண்ட் ப்ளூஸ் விழால அவங்க முதல் மேடை ஏறினப்போ, ஃப்ளீட்வுட் மேக்ல 'மேக்', அதாவது மெக்வீ, இல்ல! சில வாரம் கழிச்சு, மேயால் பேண்டுக்குள்ள பிராஸ் (ட்ரம்பெட் மாதிரி ஊதுற கருவிங்க) எல்லாம் கொண்டுவர, மெக்வீக்கு அது பிடிக்காம இங்க வந்து சேந்தாரு.

இன்னொரு கிட்டார் ஜெரமி ஸ்பென்சர். அவருக்கு அமெரிக்க ப்ளூஸ் கிட்டாரிஸ்ட் எல்மோர் ஜேம்ஸ்னா உசுரு, விரல்ல குழாய் மாதிரி ஸ்லைடு போட்டுக்கிட்டு அந்த ஒரே ஸ்டைலையே ராவும் பகலும் வாசிப்பாரு. அதை அற்புதமா வாசிப்பாரு, ஆனா வேற எதையும் வாசிக்க மாட்டாரு, அது கிரீனுக்கு போகப்போக இடைஞ்சலாச்சு. 1968 பிப்ரவரியில முதல் ஆல்பம் ப்ளூ ஹொரைசன்ங்கிற சின்ன லேபிள்ல வந்து பிரிட்டிஷ் சார்ட்ல நாலாவது இடம் வரைக்கும் போச்சு, சுத்தமான ப்ளூஸ் ஆல்பத்துக்கு அது ரொம்பப் பெரிய விஷயம். அதே வருஷம் 'பிளாக் மேஜிக் உமன்'னு ஒரு சிங்கிள். அட அது சந்தானா பாட்டாச்சேன்னு பல பேரு கேப்பாங்க. எழுதினது கிரீன், 1970ல சந்தானா எடுத்து வாசிச்சு உலகம் பூரா கொண்டுபோனாரு.

1968 ஆகஸ்ட்ல டேனி கிர்வன்னு 18 வயசுப் பையன் மூணாவது கிட்டாரா வந்தாரு. நீங்க கேட்ட ஆல்பட்ராஸ் அவரு வந்ததுக்கு அப்புறம் பண்ணினதுதான், ஸ்பென்சர் அதுல இல்லவே இல்ல. அதை ஒரு தடவை ஹெட்ஃபோன்ல கிட்டாரை விட்டுட்டுக் கேளுங்க. மிக் அங்க வழக்கமான குச்சியால அடிக்கல, முனையில பஞ்சு சுத்தின மேலட்டால டாம்ஸ்ங்கிற டிரம்ல தட்டுறாரு, அலை வந்து கரையில மோதாம திரும்பிப் போற மாதிரி ஒரு ஓட்டம், அதுக்கு மேல கிட்டார் சும்மா மிதக்குது. 1969 ஜனவரியில பிரிட்டன்ல நம்பர் ஒன். அந்த வருஷம் வந்த ரெண்டு சிங்கிள் ரெண்டாவது இடம் வரைக்கும் போச்சு. பேண்ட் உச்சத்துல இருந்த நேரம்.

கிரீன் அங்கதான் உடைஞ்சாரு. பணம் வர வர அவருக்குக் குற்ற உணர்ச்சி, நாம சம்பாதிக்கிறதை எல்லாம் தானம் பண்ணிடலாம்னு மத்தவங்ககிட்ட மல்லுக்கட்டுவாரு, ஒருத்தரும் ஒத்துக்கல. 1970 மார்ச்ல மியூனிக்ல ஒரு கம்யூன்ல நடந்த பார்ட்டியில எல்எஸ்டி எடுத்தாரு, அதுக்கப்புறம் பழைய ஆளா திரும்பலன்னு கூட இருந்தவங்க சொல்லுவாங்க. ஒரே ராத்திரியில எல்லாம் ஆச்சுங்கிறதை நான் முழுசா ஏத்துக்க மாட்டேன், அதுக்கு முன்னாடி எழுதின பாட்டுலயே மனசு சரியில்லைங்கிறது தெரியுது. எப்படியோ, மே மாசம் பேண்டை விட்டுப் போயிட்டாரு. பின்னாடி ஸ்கிட்சோஃப்ரீனியான்னு கண்டுபிடிச்சாங்க, ஆஸ்பத்திரி, ஷாக் ட்ரீட்மென்ட், நடுவுல குழி வெட்டுற வேலை கூட பாத்தாரு. அவரோட 1959 லெஸ் பால் கிட்டாரை கேரி மூர் வாங்கினாரு, இப்ப அது மெட்டாலிகா பேண்டோட கிர்க் ஹாமெட் கையில இருக்கு. 'கிரீனி'ன்னே அதுக்குப் பேரு, கம்பி அதிர்றதைப் பிடிக்கிற ரெண்டு பிக்கப்பையும் சேத்துப் போட்டா மூக்கால பாடுற மாதிரி ஒரு சவுண்டு வரும், ஒரு பிக்கப்போட காந்தம் திரும்பி இருக்கிறதால வர்றது அது.

தலைவர் போயிட்டாரு, இத்தோட முடிஞ்சுதுன்னுதான் யாரும் நினைப்பாங்க. இவங்க ஹாம்ப்ஷயர்ல ஒரு பழைய கட்டடத்துல எல்லாரும் குடும்பத்தோட தங்கி அடுத்த ஆல்பத்தை முடிச்சாங்க. அங்க ஒரு ஆளு ஏற்கனவே சமையலறையிலயும் பியானோலயுமா இருந்தாங்க, மெக்வீயோட மனைவி கிறிஸ்டின். கல்யாணத்துக்கு முன்னாடி கிறிஸ்டின் பெர்ஃபெக்ட்ங்கிற பேருல சிக்கன் ஷாக் பேண்ட்ல பாடி பிரிட்டன்ல ஹிட் குடுத்தவங்க, கல்யாணம் ஆனதும் வீட்டோட இருக்கலாம்னு விலகியிருந்தாங்க. அந்த ஆல்பத்தோட அட்டைப் படத்தை வரைஞ்சது கூட அவங்கதான். 1970 ஆகஸ்ட்ல, டூருக்கு ஆள் பத்தலன்னு அதிகாரபூர்வமா சேந்தாங்க. சும்மா ஒப்புக்கு நடந்த மாதிரி இருக்கும், ஆனா இந்த பேண்ட் பண்ணின முடிவுலயே நல்ல முடிவு இதுதான்னு நான் சொல்லுவேன்.

1971 பிப்ரவரி, லாஸ் ஏஞ்சலஸ். சாயங்காலம் ஷோ இருக்கு, ஸ்பென்சர் பக்கத்துல புத்தகக் கடைக்குப் போயிட்டு வரேன்னு ஹோட்டல்ல இருந்து இறங்கினாரு. வரல. போலீஸ் வரைக்கும் போய், சில நாள் தேடிக் கண்டுபிடிச்சா, சில்ட்ரன் ஆஃப் காட்ங்கிற மதக் குழுவோட சேந்துட்டாரு, திரும்பி வர்ற எண்ணமே இல்லைன்னுட்டாரு. டூர் நடுவுல நிக்குது, கடன் கழுத்தை நெரிக்குது. வேற வழியில்லாம லண்டனுக்கு ஃபோன் போட்டு பீட்டர் கிரீனையே கெஞ்சிக் கூப்பிட்டு மிச்ச ஷோவை ஒப்பேத்தினாங்க. ஒரு வருஷத்துக்குள்ள ரெண்டு கிட்டாரிஸ்ட் போயாச்சு.

அடுத்து வந்தவரு பாப் வெல்ச், கலிபோர்னியாக்காரரு, பேண்டோட முதல் அமெரிக்கரு. ஆடிஷன்னு பெருசா ஒண்ணும் வைக்கல, வந்தாரு, தங்கினாரு, ராத்திரி பூரா பேசினாங்க, பிடிச்சுப்போச்சு, சேத்துக்கிட்டாங்க. 1971ல இருந்து 1974 வரைக்குமான இந்தக் காலத்தை யாரும் கண்டுக்கிறதில்ல. பிரிட்டன்காரங்களுக்கு பீட்டர் கிரீனோட கதை முடிஞ்சுது, அமெரிக்காக்காரங்களுக்கு 1975லதான் கதை ஆரம்பிக்குது, நடுவுல இருக்கிற அஞ்சு ஆல்பம் அனாதை. ஆனா ப்ளூஸ்ல இருந்து பாப் பக்கம் பேண்ட் மெதுவா சாஞ்சது இங்கதான். வெல்ச் கொஞ்சம் ஜாஸ் வாடையோட ஒரு மாதிரி மயக்கமான பாட்டு எழுதுவாரு, கிறிஸ்டின் ஒவ்வொரு ஆல்பத்துலயும் ஒரு படி மேல போய்க்கிட்டே இருந்தாங்க. 1972ல வந்த 'பேர் ட்ரீஸ்' ஆல்பத்தைக் கேட்டுட்டு 1975 ஆல்பத்தைக் கேளுங்க, பாதை போட்டு வச்சது யாருன்னு புரியும்.

ஆள் போறது நிக்கலை. 1972 ஆகஸ்ட்ல ஒரு ஷோவுக்கு முன்னாடி டேனி கிர்வன் டியூனிங் விஷயத்துல சண்டை பிடிச்சு, பாத்ரூமுக்குள்ள போய் சுவத்துல தலையை மோதிக்கிட்டு, தன்னோட லெஸ் பாலை அடிச்சு நொறுக்கிட்டு, மேடைக்கு வர மாட்டேன்னுட்டாரு. மத்தவங்க அவரு இல்லாம தட்டுத்தடுமாறி வாசிச்சு முடிக்க, இவரு சவுண்ட் டெஸ்க் பக்கத்துல நின்னு முழுசா பாத்துட்டு, உள்ள வந்து நீங்க வாசிச்சது சரியில்லைன்னாராம். அன்னைக்கோட அனுப்பிட்டாங்க. அந்தப் பையன் பின்னாடி வீடு வாசல் இல்லாம லண்டன்ல அலைஞ்சாரு, 2018ல இறந்தாரு. பேண்டோட முதல் மூணு கிட்டாரிஸ்டும் இப்படி ஒவ்வொரு விதமா சிதறினதைப் பாத்துட்டுதான் இது சாபம் பிடிச்ச பேண்டுன்னு பேச ஆரம்பிச்சாங்க. சாபம் எல்லாம் ஒண்ணும் இல்ல. இருபது வயசுப் பசங்க, ஓயாத டூர், குடி, போதை, மனநோயைப் பத்தி அப்ப யாருக்கும் ஒரு இழவும் தெரியாது, அவ்வளவுதான்.

கிர்வன் இடத்துக்கு பாப் வெஸ்டன், முன்னாடி நின்னு பாட சவாய் பிரவுன்ல இருந்து டேவ் வாக்கர். வாக்கர் செட் ஆகல, சீக்கிரமே போயிட்டாரு. வெஸ்டன் நல்லா செட் ஆனாரு, கொஞ்சம் அதிகமாவே, மிக்கோட மனைவி ஜென்னி பாய்டோட பழக்கமாயிடுச்சு. விஷயம் தெரிஞ்சும் மிக் கொஞ்ச நாள் அதே ஆளோட மேடையில வாசிச்சாரு பாருங்க, அந்தப் பொறுமை எனக்கு இன்னைக்கும் புரியல. 1973 அக்டோபர்ல அமெரிக்க டூர் நடுவுல தாங்க முடியாம வெஸ்டனை அனுப்பிட்டு டூரையே ரத்து பண்ணிட்டாங்க.

இங்கதான் கதையிலயே விசித்திரமான கட்டம். மேனேஜர் கிளிஃபர்ட் டேவிஸ், ரத்தான டூருக்கு நான் பதில் சொல்லணும், பேண்டோட பேரு எனக்குத்தான் சொந்தம்னு சொல்லி, 1974 ஜனவரியில சம்பந்தமே இல்லாத ஆட்களைச் சேத்து 'ஃப்ளீட்வுட் மேக்'னு பேரு போட்டு அமெரிக்காவுக்கு அனுப்பிட்டாரு! டிக்கெட் எடுத்து வந்த ஜனம் மேடையைப் பாத்துட்டு, இதுல ஃப்ளீட்வுட்டும் இல்ல, மெக்வீயும் இல்ல, கிறிஸ்டினும் இல்ல, இது யாருடான்னு கத்த ஆரம்பிச்சாங்க. மிக் பின்னாடி வந்து சேருவாருன்னு எங்ககிட்ட சொன்னாங்கன்னு அந்தப் பசங்க சொன்னாங்க, அப்படி ஒண்ணும் நான் ஒத்துக்கவே இல்லைன்னாரு மிக். அந்த ஆட்கள் பின்னாடி ஸ்ட்ரெட்ச்னு ஒரு பேண்ட் ஆரம்பிச்சு, மிக்கைத் திட்டி எழுதின பாட்டாலயே 1975ல பிரிட்டன்ல ஹிட் அடிச்சது தனிக் கூத்து.

பேரு யாருக்குச் சொந்தம்ங்கிற கேஸ் நடந்துக்கிட்டு இருந்த வரைக்கும் அசல் பேண்ட் கையைக் கட்டிக்கிட்டு உக்கார வேண்டியதாப் போச்சு. ஆனா அந்தச் சண்டையில ஒரு விஷயம் பளிச்சுன்னு தெரிஞ்சுது. ஏழு வருஷத்துக்கு முன்னாடி மெக்வீயை வளைச்சுப் போட கிரீன் வச்ச பேரு இப்ப கேடயமா வந்து நின்னுச்சு, ஏன்னா பேருல இருக்கிற ரெண்டு பேரும் ஒரு பக்கம் நிக்கிறப்போ, எதிர்ப் பக்கம் நிக்கிறது ஃப்ளீட்வுட் மேக்னு எவன் நம்புவான்? வெல்ச்தான் விடாப்பிடியா, எல்லாரும் லாஸ் ஏஞ்சலஸுக்கே வந்துடுங்க, ரெக்கார்ட் கம்பெனி பக்கத்துல இருந்தாதான் காரியம் நடக்கும்னு இழுத்துக்கிட்டு வந்தாரு. இனிமே மேனேஜரே வேண்டாம்னு அந்த வேலையையும் மிக்கே பாக்க ஆரம்பிச்சாரு. எல்லாத்தையும் சரிக்கட்டின வெல்ச், 1974 டிசம்பர்ல அலுத்துப்போய் விலகிட்டாரு. இன்னும் ஆறு மாசம் பொறுத்திருந்தா! 1998ல ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்ல பேண்டைச் சேத்தப்போ எட்டு பேரைச் சொன்னாங்க, கிரீன், ஸ்பென்சர், கிர்வன் எல்லாரும் உண்டு, வெல்ச் பேரு கிடையாது. அது அநியாயம்னு நான் எங்க வேணா வாதாடுவேன்.

வெல்ச் போறதுக்குக் கொஞ்சம் முன்னாடி, மிக் அடுத்த ஆல்பத்துக்கு ஸ்டுடியோ பாக்க வான் நைஸ்ல இருக்கிற சவுண்ட் சிட்டிக்குப் போனாரு. ஸ்பீக்கர் எப்படின்னு காட்ட, எஞ்சினியர் கீத் ஓல்சன் அங்கயே ரெக்கார்ட் பண்ணின ஒரு ட்ராக்கைப் போட்டாரு. 1973ல வந்து ஓடாமப் போன 'பக்கிங்ஹாம் நிக்ஸ்'ங்கிற ஆல்பத்துல இருந்து ஒரு பாட்டு. மிக் பாக்க வந்தது ஸ்டுடியோவை, காதுல விழுந்தது ஒரு கிட்டாரு. வெல்ச் போனதும் ஓல்சனுக்கு ஃபோன் போட்டு அந்தப் பையன் வேணும்னாரு. லிண்ட்சே பக்கிங்ஹாம் சொன்ன பதில், நான் வந்தா என் கேர்ள்ஃபிரெண்டும் வரணும். அந்த கேர்ள்ஃபிரெண்டு ஸ்டீவி நிக்ஸ், அப்ப வாடகை கட்ட ஹோட்டல்ல வெயிட்ரஸ் வேலை பாத்துக்கிட்டு இருந்தாங்க. அதாவது இன்னைக்கு பேண்டோட முகம்னு ஜனம் நினைக்கிற ஆளு, கூட ஒட்டிக்கிட்டு வந்தவங்க. கிறிஸ்டினுக்கு இன்னொரு பொண்ணு வர்றதுல இஷ்டமான்னு முதல்ல கேட்டுட்டு, ஒரு மெக்சிகன் ஹோட்டல்ல எல்லாரும் உக்காந்து சாப்பிட்டு முடிவு பண்ணினாங்க. முதல் ரிகர்சல்ல கிறிஸ்டின் தன்னோட பாட்டு ஒண்ணை வாசிச்சு கோரஸ் வந்ததும், புதுசா வந்த ரெண்டு பேரும் சொல்லிக் குடுக்காமலே ஹார்மனி சேத்துப் பாட, கிறிஸ்டினுக்கு மயிர் கூச்செறிஞ்சுதாம். அந்த நிமிஷத்துல இருந்து பேண்ட்ல மூணு பாடகர், மூணு பேரும் பாட்டு எழுதுறவங்க, மூணு பேரு எழுத்தும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது. அதை ஒரே பேண்ட் மாதிரி கேக்க வைக்கிறது பின்னாடி இருக்கிற அந்த ரெண்டு பேரு.

1975 ஜூலைல வந்த ஆல்பத்துக்கு பேண்டோட பேரையே வச்சாங்க. உடனே ஓடல, ஊர் ஊரா வாசிச்சு வாசிச்சு, ஒரு வருஷத்துக்கு மேல கழிச்சு 1976 செப்டம்பர்லதான் அமெரிக்காவுல நம்பர் ஒன் ஆச்சு. அதுக்குள்ள வீட்டுக்குள்ள எல்லாமே கலைஞ்சு போச்சு. ஜானும் கிறிஸ்டினும் பிரிஞ்சாச்சு, லிண்ட்சேயும் ஸ்டீவியும் பிரிஞ்சாச்சு, மிக் விவாகரத்துல. இந்த லட்சணத்துல 1976 தொடக்கத்துல சாசலிட்டோல ஜன்னலே இல்லாத ரெக்கார்ட் பிளான்ட் ஸ்டுடியோவுக்குள்ள போய் 'ரூமர்ஸ்' ஆல்பம் பண்ண உக்காந்தாங்க. ஒருத்தரைத் திட்டி ஒருத்தர் எழுதின பாட்டுக்கு, திட்டு வாங்கினவரே ஹார்மனி பாடணும், சோலோ வாசிக்கணும். கிறிஸ்டின் புதுக் காதலரைப் பத்தி ஒரு பாட்டு எழுதிட்டு, அதுக்கு பேஸ் வாசிக்க வேண்டிய முன்னாள் கணவர்கிட்ட இது நாயைப் பத்தின பாட்டுன்னு சொல்லி வச்சாங்க. ஜான் அதுக்குப் போட்ட பேஸ் லைன் அந்த ஆல்பத்துலயே துள்ளலான லைன்கள்ல ஒண்ணு.

உங்க ட்ரீம்ஸ் பக்கம் வருவோம். ஸ்டீவி அதை ஸ்டுடியோவுல ஃபங்க் பாடகர் ஸ்லை ஸ்டோனுக்காகக் கட்டி வச்சிருந்த பக்கத்து ரூம்ல, ஒரு எலெக்ட்ரிக் பியானோவோட உக்காந்து பத்து நிமிஷத்துல எழுதினதா சொல்லியிருக்காங்க. கிறிஸ்டினுக்கு முதல்ல கேட்டப்போ சப்புன்னு இருந்துச்சு, ஏன்னா பாட்டு முழுக்க கிட்டத்தட்ட ரெண்டே கார்ட் (சேந்து ஒலிக்கிற சுரக் கூட்டம்) தான் மாறி மாறி வருது. லிண்ட்சே அதே ரெண்டு கார்டை வச்சே மூணு பகுதியா பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் வேற நிறம் குடுத்தாரு. தன்னை விட்டுட்டுப் போன பொண்ணு தன்னைப் பத்தி எழுதின பாட்டுக்கு! இப்ப கிட்டார், குரல் எல்லாத்தையும் மறந்துட்டு பேஸை மட்டும் கேளுங்க. ஜான் அங்க ரொம்ப ஒண்ணும் வாசிக்கல, சில நோட்டு, நடுவுல நிறைய இடம். மிக் ஹை-ஹாட்டையும் ஸ்னேரையும் துளி மாத்தாம கடைசி வரைக்கும் கொண்டு போறாரு. அந்த ரெண்டு பேரும் கொஞ்சம் அதிகமா வாசிச்சிருந்தா பாட்டு செத்திருக்கும். ஆல்பட்ராஸ்ல பீட்டர் கிரீனுக்கு எதைச் செஞ்சாங்களோ அதையேதான் எட்டு வருஷம் கழிச்சு ஸ்டீவிக்கும் செஞ்சிருக்காங்க. ரெண்டும் ஒரே பேண்டான்னு கேட்டீங்களே, காதுக்கு ஆதாரம் வேணும்னா இதுதான்.

அதே ஆல்பத்துல 'கோ யுவர் ஓன் வே'ல லிண்ட்சே ஒரு குறிப்பிட்ட பீட்டைக் கேட்டாரு, மிக்குக்கு அது வரல. அவருக்கு டிஸ்லெக்சியா உண்டு, சொன்னதை சொன்னபடி வாசிக்க வராது, அவருக்கு வந்த மாதிரி டாம்ஸ்ல உருட்டி ஒண்ணு வாசிச்சாரு, அந்தத் தடுமாறுற மாதிரியான பீட்டாலதான் பாட்டுக்கே வேகம். இன்னொரு கூத்து, மாசக்கணக்கா அதே டேப்பைத் திருப்பித் திருப்பி ஓட்டி ஓவர்டப் (வாசிச்சதுக்கு மேல புதுசா வாசிச்சுச் சேக்கிறது) பண்ணினதுல டேப் தேய்ஞ்சு, டிரம்ஸோட பளபளப்பெல்லாம் மங்கிப்போச்சு. நல்லவேளை, தொடக்கத்துல ரெண்டாவது மெஷின்ல ஒரு காப்பி எடுத்து வச்சிருந்தாங்க. ரெண்டு டேப்பையும் தானா ஒரே வேகத்துல சேந்து ஓட வைக்க அப்ப வசதி கிடையாது. ஒரு காதுல தேய்ஞ்ச டேப், இன்னொரு காதுல காப்பி டேப்னு ஹெட்ஃபோன்ல கேட்டுக்கிட்டே, ஸ்பீடைக் கையால கூட்டிக் குறைச்சு, டிரம்ஸ் ரெண்டும் ஒண்ணா விழுறபடி பிடிச்சு ஓவர்டப்பை எல்லாம் மாத்தினாங்க. அது நடக்கலைன்னா இன்னைக்கு நாம கேக்குற ரூமர்ஸே இல்ல.

அஞ்சு பேரு பேரும் எழுதினவங்களா போட்ட ஒரே பாட்டு 'தி செயின்'. ஆளுக்கு ஒரு துண்டு, டேப்பை பிளேடால வெட்டி வெட்டி ஒட்டினது. அதோட கடைசியில எல்லாம் நின்னுபோய் ஜானோட பேஸ் தனியா இறங்குமே, அதைத்தான் பிபிசி பல வருஷமா ஃபார்முலா ஒன் ஒளிபரப்புக்கு வச்சிருந்தாங்க. பேண்டோட பேரு தெரியாத எத்தனையோ பேருக்கு அந்த பேஸ் தெரியும். 1977 பிப்ரவரி 4ல ஆல்பம் வந்துச்சு, அமெரிக்காவுல மொத்தம் 31 வாரம் நம்பர் ஒன், உலகம் பூரா 4 கோடிக்கு மேல வித்துச்சு, வருஷத்தோட சிறந்த ஆல்பம்னு கிராமியும் வாங்கிச்சு.

அதுக்கப்புறம் சுருக்கமா சொல்றேன். 1979 'டஸ்க்' இரட்டை ஆல்பம், லிண்ட்சேயோட பிடிவாதம், பத்து லட்சம் டாலருக்கு மேல செலவு, டாட்ஜர் ஸ்டேடியத்துல ஒரு யுனிவர்சிட்டி மார்ச்சிங் பேண்டை வச்சு ரெக்கார்டிங் வேற. அன்னைக்கு ஜான் தாஹிதியில இருந்தாருன்னு அவரோட அட்டை கட்-அவுட்டைத் தூக்கிக்கிட்டு வீடியோ எடுத்தாங்க. ரூமர்ஸ் அளவுக்கு விக்கலைன்னு தோல்வின்னாங்க, எனக்கு அவங்க ஆல்பத்துலயே அதுதான் ரொம்பப் பிடிக்கும். 1987ல 'டேங்கோ இன் தி நைட்' பெரிய ஹிட், ஆனா டூர் கிளம்புற நேரத்துல கைகலப்பு வரைக்கும் போய் லிண்ட்சே விலகிட்டாரு. அவரு ஒருத்தர் இடத்தை நிரப்ப பில்லி பர்னெட், ரிக் வீட்டோன்னு ரெண்டு பேரு. கொஞ்ச வருஷத்துல ஸ்டீவியும் போயாச்சு.

நான் சொல்ற விஷயத்துக்கு எதிரான ஆதாரத்தையும் வச்சிடணும். 1995ல 'டைம்'னு ஒரு ஆல்பம் வந்துச்சு. மிக் உண்டு, ஜான் உண்டு, கிறிஸ்டின் உண்டு, கூட ட்ராஃபிக் பேண்ட்ல இருந்த டேவ் மேசன், பெக்கா பிராம்லெட்னு நல்ல பாடகி. அமெரிக்காவுல முதல் 200க்குள்ளயே வரல. அந்த ரெண்டு பேரு இருந்தா மட்டும் போதும்னா இது ஓடியிருக்கணும் இல்லையா? பாட்டு இல்லாத இடத்துல எந்த டிரம்மரும் ஒண்ணும் பண்ண முடியாது. அவங்க பலம், வந்த ஆளுக்குத் தகுந்த மாதிரி வளைஞ்சு குடுக்கிறது. வந்த ஆளு கிரீனாவோ ஸ்டீவியாவோ இருந்தா அது வரலாறு, இல்லைன்னா சாதாரண ஆல்பம். ரெண்டு வருஷத்துல, 1997ல ரூமர்ஸ் ஆட்கள் அஞ்சு பேரும் திரும்பச் சேந்து பண்ணின லைவ் ஆல்பம் 'தி டான்ஸ்' நேரா நம்பர் ஒன்.

1998ல விமானப் பயணத்துக்குப் பயந்து, டூர் போதும்னு கிறிஸ்டின் இங்கிலாந்துக்கே போயிட்டாங்க, 2014ல திரும்பி வந்தாங்க. 2018ல லிண்ட்சேயை நீக்கினாங்க, கோர்ட்டு வரைக்கும் போய் சமரசம் ஆச்சு. இந்தத் தடவையும் அவரு ஒருத்தருக்கு ரெண்டு பேரு, டாம் பெட்டியோட கிட்டாரிஸ்ட் மைக் கேம்பெல், க்ரௌடட் ஹவுஸ் பேண்டோட நீல் ஃபின். 2020 பிப்ரவரியில பீட்டர் கிரீனுக்காக மிக் லண்டன்ல ஒரு பெரிய நிகழ்ச்சி நடத்தினாரு, கிர்க் ஹாமெட் அந்த கிரீனி கிட்டாரையே மேடைக்குக் கொண்டுவந்தாரு. அதே ஜூலைல கிரீன் தூக்கத்துல போயிட்டாரு.

2022 நவம்பர் 30ல கிறிஸ்டின் இறந்தாங்க, 79 வயசு. 1988ல வந்த கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் ஆல்பத்தை எடுத்துப் பாருங்க, அவங்க தனியாவோ சேந்தோ எழுதின பாட்டு மட்டும் எட்டு. ஸ்டீவி மாதிரி ஷால் போட்டு சுத்தல, லிண்ட்சே மாதிரி சண்டை போடல, கீபோர்டுக்குப் பின்னாடி இருந்துக்கிட்டு ஹிட்டை எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாங்க. கிரீன் போனதுக்கு அப்புறம் நடந்த ஒவ்வொரு மாத்தத்துலயும், பழைய ஆளையும் புது ஆளையும் ஒட்ட வச்சது அவங்க பாட்டுதான். கிறிஸ்டின் இல்லாம இனி இந்த பேண்டை நடத்த முடியாதுன்னு ஸ்டீவி வெளிப்படையாவே சொல்லிட்டாங்க. எத்தனையோ பேரு போயும் ஆள் போட்டுச் சமாளிச்ச பேண்ட், மூணாவதா ஒரு ஆளு நிலையா இருந்தது அவங்க போனப்புறம்தான் எல்லாருக்கும் உறைச்சுது.

கேக்கணும்னு ஆசை இருந்தா வரிசையா போகாதீங்க, குழம்பிடுவீங்க. முதல்ல ரூமர்ஸ் முழுசா, அடுத்து 1969ல வந்த 'தென் பிளே ஆன்', கிரீனோட கடைசி ஆல்பம் அது. அப்புறம் நடுவுல இருக்கிற பேர் ட்ரீஸ். டஸ்க்கை கடைசியா வச்சுக்கோங்க, முதல் தடவை பிடிக்காது, ஒரு மாசம் விட்டுட்டுத் திரும்பக் கேளுங்க. பக்கிங்ஹாம் நிக்ஸ் ஆல்பம் ரொம்ப வருஷமா கிடைக்காமலே இருந்துச்சு, 2025 செப்டம்பர்ல திரும்ப வெளியிட்டிருக்காங்க, சவுண்ட் சிட்டியில மிக் காதுல விழுந்த அந்த 'ஃப்ரோசன் லவ்' அதுல கடைசிப் பாட்டு.